ஒரு பென்னிக் கடிதமும் அதன் பின் வரலாறும்

கி.பி. 1840ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள், லண்டன் மாநகரின் தலைமை அஞ்சலகத்தில் மக்கள் முண்டியடித்துக் கொண்டு நின்றனர். அன்று முதல், அரை அவுன்ஸ் எடைக்குள் அடங்கும் கடிதம் எதுவாயினும், அது அடுத்த தெருவுக்குச் செல்வதாயினும் ஸ்காட்லாந்தின் வடகோடிக்குச் செல்வதாயினும், கட்டணம் ஒரே ஒரு பென்னிதான் என்று அரசு அறிவித்திருந்தது. நூற்று எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அதே நாட்டில் முதல் வகுப்புக் கடிதத்தின் கட்டணம் 170 பென்ஸ் ஆயிற்று. பவுனுக்கு 240 பென்னி என்ற பழைய கணக்கில் சொன்னால் அது 408 பென்னி. நாணயத்தின் மதிப்புத் தேய்ந்ததை எவரும் அறிவர். ஆனால் அந்தத் தேய்மானம் மட்டுமே இந்த உயர்வுக்குக் காரணமன்று. கடிதத்தின் விலையை யார் நிர்ணயிப்பது என்ற கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை கூறப்பட்டது. அந்த விடைகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

1840க்கு முன்னர் இங்கிலாந்தில் கடிதம் என்பது வசதி படைத்தோரின் உடைமையாகவே இருந்தது. கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்த வேண்டும். அதுவும் எத்தனை மைல், எத்தனை தாள் என்று கணக்கிட்டு வசூலிக்கப்பட்டது. இரண்டு தாள் வைத்தால் இரு மடங்கு. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் ஒரு ஷில்லிங்குக்கு மேல் பிடித்தது. அது ஓர் ஏழைத் தொழிலாளியின் நாட்கூலியை நெருங்கும் தொகை. பாராளுமன்ற உறுப்பினர்களோ கையொப்பமிட்டே இலவசமாக அனுப்பி வந்தார்கள்! கவிஞர் கோல்ரிட்ஜ் பற்றி ஒரு கதை உண்டு. ஏழைப் பெண்ணொருத்தி தன் சகோதரனின் கடிதத்தைப் பணமில்லாமையால் திருப்பி அனுப்புவதைக் கண்டு மனமிரங்கி அவர் ஒரு ஷில்லிங் கொடுத்தாராம். அஞ்சற்காரன் போனபின் அவள் கடிதத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. தான் நலமே என்பதை மேலுறையிலேயே குறிப்பால் உணர்த்திவிடுவது அண்ணனும் தங்கையும் செய்துகொண்ட ஏற்பாடு. கதை மெய்யோ பொய்யோ, அக்காலத்து மக்கள் அதை நம்பினர் என்பதே போதிய சான்று.

இந்த நிலையை மாற்றியவர் ரோலண்ட் ஹில். அவர் அஞ்சல் துறை ஊழியர் அல்லர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1837இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் சாரம் ஒரு கணக்குத்தான். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்வதற்கு ஆகும் மெய்யான செலவு, ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கே என்று அவர் கணக்கிட்டார். அப்படியானால் செலவெல்லாம் எங்கே? கடிதத்தை வாங்குவதிலும், பிரிப்பதிலும், கணக்கெழுதுவதிலும், வீடுதோறும் கதவைத் தட்டிக் காசுக்காகக் காத்து நிற்பதிலும்தான். ஆகவே தொலைவுக்குத் தக்க கட்டணம் பொருளற்றது. அனுப்புபவரிடம் முன்னதாகவே வாங்கிக்கொண்டு, எங்கும் ஒரே விலை என வைத்தால், கடிதங்கள் பெருகும். பெருகப் பெருக ஒவ்வொன்றின் செலவும் குறையும் என்பது அவர் வாதம். அஞ்சல் துறைத் தலைவராயிருந்த லிச்ஃபீல்டு பிரபு இதைக் கடுமையாக எதிர்த்தார். வணிகர்களும் பொதுமக்களும் மனு மேல் மனு அனுப்பிப் பாராளுமன்றத்தை இணங்க வைத்தனர்.

விளைவு என்ன? 1839இல் ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சமாயிருந்த கட்டணக் கடிதங்கள், 1840இல் 16 கோடியே 90 லட்சமாயின. இதை எல்லாரும் எழுதுவர். எழுதாமல் விடுவது மற்றொன்று. அஞ்சல் துறையின் நிகர வருவாய் 16 லட்சம் பவுனுக்கு மேலிருந்து 5 லட்சம் பவுனாகச் சரிந்தது. பழைய நிகர வருவாயை எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவரை அந்த இழப்பைக் கருவூலம் தாங்கியது. பென்னி அஞ்சல் என்பது வெறும் கணக்குத் திறமையால் வந்த வெற்றியன்று. மக்கள் ஒருவரோடொருவர் எழுதிக்கொள்வது நாட்டுக்கு நன்மை என்று கருதி ஒரு பாராளுமன்றம் மனமறிந்து ஏற்ற இழப்பு அது. இதை மறந்துவிட்டால் பின்னால் நிகழ்ந்தவை விளங்கா.

அஞ்சல் முறையே ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். முஆவியா (ரலி) அவர்கள் காலத்தில் 'பரீத்' எனும் அரசாங்க அஞ்சல் ஒழுங்கு பெற்றதையும், அப்துல் மலிக் இப்னு மர்வான் அதை வலுப்படுத்தியதையும் வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். அப்பாஸியர் காலத்தில் ஜிபால் மாகாணத்தின் அஞ்சல் அதிகாரியாயிருந்த இப்னு குர்தாத்பிஹ் எழுதிய 'கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்', பாதைகளையும் தங்கல்களையும் வரிசையாகத் தருவது; பூகோள நூல் வரிசையில் முன்னோடியாக அது மதிக்கப்படுகிறது. மம்லூக் சுல்தான் பைபர்ஸின் குதிரை அஞ்சல் கெய்ரோவிலிருந்து திமிஷ்குக்கு நான்கு நாளில் சென்றது. முஹம்மது பின் துக்ளக் காலத்தில் சிந்துவிலிருந்து தில்லிக்கு ஐம்பது நாள் பயணம். செய்தியோ ஐந்தே நாளில் சேர்ந்தது என்று இப்னு பதூதா வியந்து எழுதுகிறார். மணிகள் கட்டிய கோலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் அந்த ஓட்டக்காரரின் சித்திரத்தை அவருடைய பயண நூலைப் படித்தவர் மறக்க மாட்டார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் அரசின் கண்ணும் காதுமாக இருந்தவை. குடிமகனின் கடிதத்தை இவை சுமக்கவில்லை. ஆதலால் கடிதத்துக்கு விலை என்ற பேச்சும் எழவில்லை.

விலை என்ற பேச்சு எழுமிடத்தில் நம் ஃபிக்ஹு அறிஞர்கள் கூறியது நினைவுக்கு வருகிறது. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை வரையறுக்குமாறு மக்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களை வேண்டினர், அவர்கள் இணங்கவில்லை. விலையை அமைப்பவன் அல்லாஹ்வே என்றும், எவருடைய உரிமையையும் பறித்தவராக இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்றும் கருத்துப்படக் கூறியதை அனஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். 'தஸ்ஈர்' எனப்படும் விலை நிர்ணயம் கூடாது என்போர் இதை ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் 'ஹிஸ்பா' பற்றிய தம் நூலில் இரு நிலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். பொருள் அரிதானதாலோ மக்கள் பெருகியதாலோ விலை இயல்பாக ஏறினால், வணிகரைக் கட்டாயப்படுத்துவது அநீதி. ஆனால் இன்னார்தான் விற்கலாம், மற்றவர் விற்கலாகாது என்று தனியுரிமை அளிக்கப்பட்டிருந்தால், அவரை நிகர் விலைக்கே விற்கச் செய்வது கடமை.

அஞ்சல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கடிதம் சுமக்கும் உரிமை தனக்கே என்று அரசு சட்டம் செய்துகொண்டது. நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி 1837ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வுரிமையை எடுத்துக்கொண்டது. அப்போது கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக் கடிதத்துக்கு ஒரு ரூபாய் கட்டணம். ஆக்ராவுக்குப் பன்னிரண்டு அணா. ஹில்லின் கொள்கை இங்கு வந்து சேர்ந்தது 1854இல், டல்ஹௌஸி பிரபுவின் காலத்தில். கால் தோலாக் கடிதம் எங்கு செல்லினும் அரையணா என்றாயிற்று. 1879 ஜூலை முதல் நாள் கால் அணா அஞ்சல் அட்டை வந்தது. மறு ஆண்டு அஞ்சலகங்களில் மணியார்டர் வந்தது. பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த காயல், கீழக்கரை, நாகூர்க் குடும்பத்தாருக்கு அஞ்சல் எத்தகைய உயிர்த் தொடர்பாக இருந்தது என்பதை அரபுத் தமிழில் எழுதிய பழைய கடிதங்களை வீட்டுப் பெட்டியில் வைத்திருப்போர் அறிவர்.

1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டம், உள்நாட்டுக் கடிதக் கட்டணத்தின் உச்சவரம்பைத் தன் அட்டவணையிலேயே வைத்தது. அட்டவணையை மாற்றச் சட்டமன்றத்துக்கு வர வேண்டும். ஆகவே நிதி மசோதாவில் உப்பு வரியும் அஞ்சல் அட்டையும் ஒன்றாக விவாதிக்கப்பட்டன. கட்டணம் குறைவாக இருந்ததோ இல்லையோ, கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது.

இங்கிலாந்தில் அந்த இடம் படிப்படியாக மாறியது. 1969இல் அஞ்சல் துறை அரசு இலாகா என்ற நிலை நீங்கிப் பொதுக் கழகமாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம் போஸ்ட்காம் எனும் தனி ஒழுங்காணையத்தை அமைத்தது. அது விலைவாசிக் குறியீட்டோடு பிணைத்து ராயல் மெயிலின் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. 2006 ஜனவரி முதல் நாள் கடிதச் சந்தை எல்லாருக்கும் திறந்து விடப்பட்டது. போட்டியாளர் வந்தனர், ஆனால் வங்கிகளிடமும் பெரிய நிறுவனங்களிடமும் மூட்டை மூட்டையாகக் கடிதம் வாங்கிப் பிரித்து, வீடுவீடாகக் கொடுக்கும் கடைசி நடையை மட்டும் ராயல் மெயிலிடமே ஒப்படைத்தனர். இலாபமுள்ள வேலைக்குப் பலர். செலவுள்ள நடைக்கு ஒருவர். இதைப் போட்டி என்று பெயரிட்டழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்நேரத்தில்தான் எவரும் முறையாக எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கடிதங்களே குறையலாயின. 2004-05இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 கோடியாக உச்சத்திலிருந்த பிரிட்டனின் கடிதங்கள், 2023-24இல் 700 கோடிக்கும் கீழே வந்துவிட்டன. இங்கே ஹில்லின் கணக்குத் திரும்பி நின்றது. கடிதம் பெருகினால் ஒவ்வொன்றின் செலவும் குறையும் என்றால், கடிதம் சுருங்கினால் ஒவ்வொன்றின் செலவும் ஏறத்தானே வேண்டும்? பையில் நூறு கடிதம் இருந்தாலும் பத்து இருந்தாலும் அஞ்சற்காரர் அதே தெருவில் நடந்தாக வேண்டும், படியேற வேண்டும். நாடு முழுவதும் ஒரே விலை, ஒவ்வொரு வீட்டுக்கும் வழங்கல் என்ற கடமை சட்டத்தில் இருக்கும்வரை அந்த நடையைச் சுருக்க முடியாது. இமாம் அவர்கள் வகுத்த இரு நிலைகளுள் எதிலும் இது அடங்காது. இங்கே விற்பவர் ஒருவரே. ஆயினும் வாங்குபவர் வேறொரு விற்பவரிடம் செல்லவில்லை, பொருளையே கைவிட்டுச் செல்கின்றனர்.

போஸ்ட்காமின் பணியை 2011இல் ஏற்ற ஆப்காம் எனும் ஆணையம், மறு ஆண்டு ஒரு துணிவான முடிவு செய்தது. பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டு, இரண்டாம் வகுப்பு அஞ்சல் தலைக்கு மட்டும் உச்சவரம்பை வைத்துக்கொண்டது. எளியோர் கைக்கு எட்டுமாறு ஒரு கடிதமாவது இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வரலாறு இப்படிச் சுத்தமான சோதனைகளை நமக்கு அடிக்கடி செய்து காட்டுவதில்லை. 2012 ஏப்ரல் இறுதியில் முதல் வகுப்பு 46 பென்ஸிலிருந்து 60க்கும், இரண்டாம் வகுப்பு 36லிருந்து 50க்கும் உயர்ந்தன. 2013இல் ராயல் மெயில் தனியார் உடைமையாயிற்று. 2025 ஏப்ரலில் இரண்டாம் வகுப்பு 87 பென்ஸ். முதல் வகுப்பு 170 பென்ஸ். பத்துப் பென்ஸ் வித்தியாசத்தில் புறப்பட்ட இரண்டும் எண்பத்து மூன்று பென்ஸ் இடைவெளியில் வந்து நின்றன. வேலியிட்ட இடத்தில் விலை அடங்கி நின்றது. வேலியில்லாத இடத்தில் ஓடிற்று.

வேலி பயன் தந்தது என்று இத்தோடு முடித்துவிடலாமா? முடியாது. விலை அடங்கினால் செலவு வேறு வழியில் வெளிவரும். 2025 ஜூலையில் ஆப்காம், இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒரு நாள் விட்டு ஒரு நாள், வார நாட்களில் மட்டும் கொடுத்தால் போதும் என்று இசைந்தது. சனிக்கிழமை வழங்கல் அவ்வகுப்புக்கு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், கடிதங்களை உரிய நாளில் சேர்க்கத் தவறியதற்காக அந்நிறுவனத்துக்கு 2 கோடியே 10 லட்சம் பவுன் அபராதம் விதித்தது. முந்தைய ஓராண்டில் முதல் வகுப்புக் கடிதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காலந்தாழ்ந்தே போய்ச் சேர்ந்தது. விலையைக் கண்காணிப்பது எளிது.  மருத்துவமனை அனுப்பிய அழைப்பு முதியவர் ஒருவரின் கைக்கு நாள் கடந்து வருவதை எந்த அட்டவணையும் காட்டாது.

அமெரிக்கர் இதே நோய்க்கு வேறு மருந்து கண்டனர். அங்கே 1970ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், கட்டணத்தை ஆராயத் தனி ஆணையம் அமைத்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வகை அஞ்சலின் கட்டணமும் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று கட்டிவைத்தது. அஞ்சல் பெருகும் என்ற நம்பிக்கையில் செய்த சட்டம். அடுத்த ஆண்டே பொருளாதார வீழ்ச்சி தொடங்கிவிட்டது. வீழ்ச்சியின் இழப்பை ஈடுகட்ட 2014 ஜனவரியில் 4.3 விழுக்காடு கூடுதல் கட்டணம் அனுமதிக்கப்பட்டு, 2016 ஏப்ரலில் விலக்கப்பட்டது. 49 சென்ட் அஞ்சல் தலை 47 சென்ட் ஆயிற்று. கடிதக் கட்டணம் அந்நாட்டில் குறைந்தது 1919க்குப் பின் அதுவே முதல் முறை.

2020 நவம்பரில் ஆணையம் விதியை மாற்றியது. ஒவ்வொரு முகவரிக்கும் சராசரியாகச் செல்லும் கடித எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ, அதற்குத் தக்கபடி விலைக் குறியீட்டுக்கு மேலும் கட்டணம் ஏற்றிக்கொள்ளலாம் என்றது. கணக்கு நேர்மையானதுதான், ஹில்லின் சூத்திரத்தைத் தலைகீழாகப் படித்த கணக்கு. ஆனால் அதன் உள்ளே ஒரு சுழல் இருக்கிறது. கடிதம் குறைந்தால் விலை ஏறும்; விலை ஏறினால் அனுப்புவோர் மேலும் குறைவர்; குறைந்ததைக் காட்டி விலையை மறுபடி ஏற்றலாம். 2021 ஆகஸ்டில் 55 சென்டிலிருந்து 58க்கு ஏறிய கட்டணம், 2025 ஜூலையில் 78 சென்டில் நின்றது. 2001இல் 10,000 கோடியைத் தாண்டியிருந்த முதல் வகுப்பு அஞ்சல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மின்னஞ்சல்தான் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் போகிறவர்களை விலை மேலும் விரைவுபடுத்துகிறது. கடைசிவரை நிற்பவரே அதிகம் கொடுக்கிறார். கணினி அறியாத முதியோர், சிறையிலிருப்போர், சிற்றூர்வாசிகள் ஆகியோரே அப்படி நிற்பவர்கள். அவர்களுக்கு வழங்கல் கடமை என்று சமூகம் கருதுமானால், அதன் செலவை 1840இன் பாராளுமன்றத்தைப் போல் வெளிப்படையாகக் கருவூலத்திலிருந்து கொடுப்பதே முறை என்பது என் கருத்து. அஞ்சல் தலையின் மேல் அதை ஏற்றுவது, ஏழையின் செலவை ஏழையிடமே வாங்குவதாகும்.

டென்மார்க் இந்தப் பாதையின் முடிவுவரை நடந்து காட்டியது. 1624இல் நான்காம் கிறிஸ்டியன் மன்னர் தொடங்கிய அஞ்சல் அது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கடிதங்களில் பத்தில் ஒன்பது பங்கு மறைந்தன. 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டம் எல்லாருக்கும் கடிதம் சேர்க்கும் கடமையையே நீக்கிச் சந்தையிடம் விட்டுவிட்டது. கட்டணம் 29 குரோனராயிற்று. அரசுடைமையான போஸ்ட்நார்ட் நிறுவனம், 2025இன் இறுதியோடு கடித வழங்கலை நிறுத்திக்கொண்டது. தெருவோரச் சிவப்புப் பெட்டிகள் கழற்றப்பட்டன. கடிதம் வேண்டுவோர் இனி ஒரு தனியார் விநியோக நிறுவனத்தை நாட வேண்டும்.

நம் நாடு இதற்கு நேர் எதிரான வழியில் நின்றது. இங்கே விலை ஏறவே இல்லை. அஞ்சல் அட்டை 50 பைசா, உள்நாட்டுக் கடிதம் இரண்டரை ரூபாய், உறைக் கடிதம் ஐந்து ரூபாய் என்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த கட்டணம் இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. ஓர் அஞ்சல் அட்டையைக் கொண்டு சேர்க்க அரசுக்கு 12 ரூபாய்க்கு மேல் செலவாகிறது என்று 2017ஐ ஒட்டிய வரவு செலவுத் திட்ட ஆவணங்கள் கூறின. மிச்சத்தைக் கருவூலம் தாங்கிற்று. ஹில்லின் அறம் அவர் பிறந்த நாட்டைவிட இங்கே நீண்ட நாள் வாழ்ந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

ஆனால் கட்டணம் நின்ற இடத்தில் நிற்க, சேவைகள் ஒவ்வொன்றாய் நகர்ந்தன. புத்தகங்களைக் குறைந்த செலவில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றது. சிறு பதிப்பாளர்கள் குரல் எழுப்பினர். 2025 மே முதல் நாள் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் ஒரு மாற்று வந்தது; அதில் மிகக் குறைந்த கட்டணமே இருபது ரூபாய். அதே ஆண்டு பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2023இல் இயற்றப்பட்ட அஞ்சலகச் சட்டம், 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. கடிதம் சுமக்கும் தனியுரிமை அதில் இல்லை. அஞ்சல் தலை வெளியிடும் உரிமை மட்டும் எஞ்சியது. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் துறைத் தலைமை இயக்குநரிடம் சென்றது. பிரிட்டனில் ஆப்காமும் அமெரிக்காவில் ஆணையமும் விலை ஏறுமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, காரணத்தை அச்சிட்டு வெளியிடுகின்றன. அத்தகைய தனி ஆணையம் எதையும் இந்தச் சட்டம் அமைக்கவில்லை. நிதி மசோதாவில் அஞ்சல் அட்டைக்காக வாதாடிய பழைய இடமும் போய்விட்டது.

சிற்றிதழ் நடத்துவோருக்கு இதில் தனிக் கவலை உண்டு. தமிழில் முஸ்லிம் இதழ்கள் சந்தா நேயர்களை நம்பி வாழ்ந்தவை. கடைகளில் தொங்கி விற்றவை மிகச் சில. பதிவு பெற்ற செய்தித்தாள் என்ற சலுகையில், 50 கிராம் வரையுள்ள ஓர் இதழை நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்ப நெடுங்காலம் 25 பைசாதான் கட்டணம். 2011 ஜூன் 30ஆம் நாளோடு 25 பைசா நாணயம் செல்லாததாயிற்று. அதன் பின்னும் அந்தக் கட்டணம் அட்டவணையில் அப்படியே இருந்தது.